ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே

நம் ஊர்க் கரண்டுக்கு ஒரு சுருதி உண்டு. ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக்கும் நடுவே நிற்கும், இரண்டிலும் சேராது. 50 ஹெர்ட்ஸ், அதன் மேல் ஸ்தாயி 100, அதற்கும் மேலே 200. நம் பாடகிகள் பலர் பாடும் ஐந்து கட்டையில் ஆதார ஷட்ஜம் 196. ஆடியோ லைனில் இந்தக் கரண்டின் ரீங்காரம், அதாவது ஹம், கலந்துவிட்டால் தம்பூராவின் 196-உம் கரண்டின் 200-உம் முட்டிக்கொண்டு நொடிக்கு நான்கு அலை அடிக்கும். பாடுகிறவர் முகத்தைச் சுளித்து, “தம்பூரா சேரலியே” என்பார். தம்பூரா சேர்ந்துதான் இருக்கும், சுவர்தான் அபஸ்வரம்.

மின் பற்றாக்குறை இருந்த காலத்தில் கதை வேறு. தென்னக கிரிட் தனியாக ஓடியது. கோடை மாலையில் ஊரெல்லாம் விளக்கும் மோட்டாரும் போட்டதும் 50 என்பது 49-க்கும் கீழேகூட இறங்கும். 49 என்றால் அச்சு அசலாக ஐந்து கட்டை. அப்போது ஹம் தம்பூராவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பாட்டு முடிந்து தம்பூரா நின்ற பிறகுதான் ஆள் உள்ளே இருப்பது தெரியும். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் லைன் வழியாகத் தெற்கு மற்ற கிரிட்டுகளோடு இணைந்தது. அன்றிலிருந்து ஸ்ரீநகரிலும் நாகர்கோவிலிலும் ஹம் ஒரே சுருதியில் பாடுகிறது.

நான் கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவுத் தொழிலுக்கு வந்தபோது வால்வு மெஷின்கள் விடைபெற்றுக்கொண்டிருந்தன. வால்வுக்குள் இழையைச் சூடாக்க ஏசி கரண்ட் போகும். அந்த ஒயர் இரண்டையும் இறுக்கி முறுக்கி, பெட்டியின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோகாவிட்டால் 50 வந்து உட்கார்ந்துகொள்ளும். பவர் சப்ளையில் பெரிய கண்டென்சர் காய்ந்துபோனால் வருவது 100. நம் வெயிலுக்கு அது சீக்கிரமே காயும். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர் மீட்டரைத் தொடுவதற்கு முன் கண்ணை மூடிக் கேட்பார். “கீழ் ஸ்தாயின்னா ஒயரைப் பாரு, மேல் ஸ்தாயின்னா கண்டென்சரைப் பாரு” என்பது அவர் பாடம். எல்லாச் சமயத்திலும் இது செல்லாது, பத்துக்கு எட்டு பழுதில் செல்லும்.

இந்த நோய்க்கு மருந்து கண்டவர்கள் சினிமாக்காரர்கள் அல்ல, டெலிபோன்காரர்கள். முதல் டெலிபோன்களுக்கு ஒரே ஒயர்தான், திரும்பும் வழி பூமி. பக்கத்தில் தந்தி ஒயர் ஓடினால் அந்தச் சத்தம், பிறகு டிராமும் விளக்கும் வந்ததும் அவற்றின் சத்தம், எல்லாம் காதுக்குள் கொட்டியது. இரண்டு ஒயரை முறுக்கி ஓட்டும் முறைக்கு கிரகாம் பெல் 1881-இல் காப்புரிமை பெற்றார். வெளிச் சத்தம் இரண்டு ஒயரிலும் சமமாக ஏறும், கடைசியில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் குரல் மட்டும் மிஞ்சும். ஸ்டூடியோ மைக் ஒயரில் மூன்று பின் இருப்பது இதனால்தான். கிப்சன் கம்பெனியின் சேத் லவர் 1955-இல் கிடார் பிக்கப்புக்கு இரண்டு சுருளை எதிரெதிராக வைத்ததும் இதே கணக்கு.

பெரிய ரெக்கார்டிங் தியேட்டர்களில் இன்னொரு ஒழுங்கும் இருந்தது. ஆடியோவுக்கென்று தனி எர்த். கரியும் உப்பும் போட்டுப் புதைத்த குழியிலிருந்து தடித்த செம்புப் பட்டை ஒன்று கன்சோலுக்கு வரும், அங்கிருந்துதான் மற்றதெல்லாம் கிளை பிரியும். சித்திரை பிறந்தால் ஆபீஸ் பையன் தினம் ஒரு வாளி தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது சட்டம். ஊற்றாத நாளில் திட்டு அவனுக்கில்லை, எங்களுக்கு.

1992-இல் ‘ரோஜா’ வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் அதன் இசையை உருவாக்கியது பெரிய தியேட்டரில் அல்ல, கோடம்பாக்கத்தில் வீட்டோடு சேர்ந்த தன் பஞ்சதன் ஸ்டூடியோவில். அவர் அதை முறையாகக் கட்டினார். அதைப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் விலை இறங்க இறங்க, சாலிகிராமத்திலும் விருகம்பாக்கத்திலும் படுக்கையறைக்குப் படுக்கையறை ஸ்டூடியோ முளைத்தது. மைக் வந்தது, மானிட்டர் வந்தது. எர்த் மட்டும் கூட வரவில்லை.

அடுக்குமாடிகளில் எர்த் குழி கார் நிறுத்தும் இடத்து டைல்ஸுக்கு அடியில் கிடக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்ற யாருக்கு ஞாபகம்? ஆனால் ஒன்று, குழியை மட்டும் குறை சொல்லிப் புண்ணியமில்லை. வீட்டு ஹம்மில் பெரும்பாலானது எர்த் இல்லாததால் வருவதல்ல, இரண்டு வழியில் இருப்பதால் வருவது. அண்மையில் ஒரு தம்பி கூப்பிட்டிருந்தான். “அண்ணே, எட்டாயிரம் ரூபாய் கேபிள் வாங்கிப் போட்டேன், போகல.” லேப்டாப் சார்ஜர் ஒரு சுவரில், ஸ்பீக்கர்கள் எதிர்ச் சுவரில். சார்ஜரைப் பிடுங்கச் சொன்னேன். அறை அமைதியானது. இரண்டு பிளக்கின் எர்த்துக்கும் நடுவே மின்னழுத்தத்தில் துளி வித்தியாசம், அந்த வித்தியாசம் ஆடியோ ஒயரின் உறை வழியாக ஓடிச் சமன் செய்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டுக்கு மாற்றி, ஸ்பீக்கருக்குப் பேலன்ஸ்டு ஒயர் போட்டதும் வேலை முடிந்தது.

அவனிடம் ஒரு நண்பர் வேறு வைத்தியம் சொல்லியிருந்தாராம்: ஸ்பீக்கர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிடு. அந்த வைத்தியத்தில் ஹம் போகும் என்பது உண்மை. உள்ளே இன்சுலேஷன் என்றைக்காவது பழுதானால், 230 வோல்ட் போக வேண்டிய அந்த ஒரு வழியும் சேர்ந்து போகும். அதற்குப் பிறகு இரும்புப் பெட்டியைத் தொடும் கைதான் எர்த். சத்தத்தை அறுக்க வேண்டுமானால் ஆடியோ பக்கம் அறுங்கள். ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரும், கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் வைத்த டிஐ பாக்ஸும் அதற்காகவே விற்கின்றன. பிளக்கில் இருக்கும் மூன்றாவது பின்னில் கை வைக்காதீர்கள்.