முதலில் கண்டுபிடித்தது மூக்கு!

2023, டிசம்பர் 26. எண்ணூர் கடலோரத்தில் இருக்கும் பெரியகுப்பம், சின்னக்குப்பம் ஜனங்களுக்கு அந்தத் தேதியை யாரும் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2004-ல் சுனாமி வந்த அதே தேதி. நினைவு நாள் முடிந்து ஊர் அடங்கிய நேரம். ராத்திரி பதினொன்றே முக்கால் வாக்கில் மூக்கில் சுருக்கென்று ஏதோ ஏறியது. கண் எரிந்தது. தொண்டை கமறியது. மூச்சு முட்டியது. என்ன, ஏது என்று விசாரிக்க நேரமில்லை. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, வயசானவர்களைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, போட்டது போட்டபடி ஓடினார்கள். 50-க்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். பெரும்பாலோர் போய்ச் சேர்ந்தது ஸ்டான்லியில்.

வந்தது அம்மோனியா. கடலில் நிற்கும் கப்பலிலிருந்து கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குத் திரவ அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு. கரையை ஒட்டி, தண்ணீருக்கு அடியில்.

ஆலைக்குள்ளும் அது தெரியத்தான் தெரிந்தது. குழாயில் அழுத்தம் குறைந்ததைக் கருவி காட்டியது. ஆனால், அந்தக் கருவியின் முள் யாரைப் பார்த்துத் திரும்பியிருந்தது? ஆலை ஊழியரை. குப்பத்து ஜனங்களுக்கு? தங்களை எழுப்பியது சைரன் அல்ல, நெடிதான் என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களிடம் இருந்த ஒரே மீட்டர், மூக்கு!

கசிவைக் கண்டுபிடிக்க மனுஷன் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறான். அந்தக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு எண்ணூருக்குத் திரும்புவோம்.

பொங்கலுக்குப் பானை வாங்கும்போது என்ன செய்கிறோம்? விரலை மடக்கி ஒரு தட்டு. 'ணங்' என்றால் நல்ல பானை. 'டொக்' என்றால் எங்கேயோ கீறல். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது பிடித்துவிடுகிறது. ரயில்வேயிலும் இதே வித்தைதான். ஸ்டேஷனில் வண்டி நின்றதும் ஓர் ஊழியர் நீளமான சுத்தியலோடு இறங்கி ஒவ்வொரு சக்கரத்தையும் தட்டிக்கொண்டே போவார். சத்தம் மாறினால் சக்கரத்தில் கோளாறு. ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் கிளம்பியது. அந்த நீராவிக் காலத்தில் இரும்பின் நாடி பார்த்தவர்கள் இந்தச் சுத்தியல்காரர்கள்தான். இன்றைக்கு 'அல்ட்ராசானிக் டெஸ்ட்' என்கிறோமே, அது பானை தட்டுவதற்குத் தூரத்துச் சொந்தம். காதுக்கு எட்டாத ஒலியை இரும்புக்குள் அனுப்பி, எதிரொலி எங்கிருந்து, எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்ப்பார்கள். விரிசல் இருந்தால் ஒலி பாதி வழியிலேயே திரும்பிவிடும்!

இன்னொரு பழைய முறை, எண்ணெயும் சுண்ணாம்பும். ரயில் பட்டறைகளில் இரும்புப் பாகத்தை எண்ணெயில் ஊறப்போட்டு, எடுத்துத் துடைத்து, மேலே சுண்ணத்தூள் பூசிவிடுவார்கள். விரிசலுக்குள் போய் ஒளிந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைப் பூச்சில் கறுப்புக் கோடாகத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். இப்போது எண்ணெய்க்குப் பதில் பளிச்சென்ற சிவப்புச் சாயம். தத்துவம் அதேதான்.

பஞ்சர் கடையைப் பார்த்திருப்பீர்கள். ட்யூபில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். பாய்லருக்கும் குழாய்க்கும் இதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார்கள். உள்ளே தண்ணீரை நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஏற்றி, எங்கே சொட்டுகிறது என்று பார்ப்பார்கள். ஏன் காற்று வேண்டாம், தண்ணீர்? அமுக்கிய காற்று, இழுத்துப் பிடித்த ஸ்பிரிங் மாதிரி. பாய்லர் தாங்காமல் விட்டுவிட்டால் வெடிகுண்டாகிவிடும். தண்ணீர் அவ்வளவாகச் சுருங்காது. விரிசல் விட்டாலும் பீய்ச்சிவிட்டு அடங்கிவிடும்.

இந்த பாய்லர் விஷயத்தில் நம் நாடு ஒரு பெரிய பாடம் படித்தது. 1863-ல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போயின. மறு வருடமே வங்காளத்தில் பாய்லர் சோதனைக்குச் சட்டம் வந்தது. பிறகு ஒவ்வொரு மாகாணமும் ஆளுக்கொரு சட்டம் போட, 1923-ல் நாடு முழுமைக்கும் ஒரே சட்டமானது. அதன் இடத்தில் 2025-ல் புதுச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. 'என் பாய்லர், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்று முதலாளி சொல்ல முடியாது. வெளியிலிருந்து இன்ஸ்பெக்டர் வருவார், சோதிப்பார், சான்றிதழ் கொடுத்தால்தான் அடுப்பு பற்றவைக்கலாம். வெடித்தால் சாகப்போவது முதலாளி மட்டும் இல்லையே!

பாய்லர் நான்கு சுவருக்குள் இருக்கிறது. குழாய்? அது ஊருக்குள் ஓடுகிறது.

வடசென்னையின் வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். தெற்கே துறைமுகம். வடமேற்கே மணலி. அங்கே 1969-ல் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அன்றைக்கு அதன் பெயர் மெட்ராஸ் ரிஃபைனரீஸ், இன்றைக்கு சி.பி.சி.எல். கப்பலில் வரும் கச்சா எண்ணெய் மணலிக்குப் போக வேண்டும் என்றால் நடுவில் இருப்பது ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர். லட்சக்கணக்கான ஜனங்கள் குடியிருக்கும் தெருக்கள். பழைய குழாய்க்குப் பதிலாக 42 அங்குலக் குழாய் பதிக்கும் திட்டம் வந்தபோது தண்டையார்பேட்டைக்காரர்கள் எதிர்த்து நின்றதில் ஆச்சரியமில்லை.

மண்ணுக்கு அடியில் இருக்கும் குழாயை எப்படித் தட்டிப் பார்ப்பது? அதற்கு ஒரு 'பன்றி' இருக்கிறது! நிஜமாகவே அதன் பெயர் 'பிக்'தான். குழாய்க்குள் எண்ணெயோடு சேர்ந்து தள்ளப்பட்டு உருண்டை உடம்போடு போகும் கருவி. சும்மா அழுக்கை வழித்துக்கொண்டு போகும் பன்றி உண்டு. காந்தமும் சென்சாரும் வைத்த 'புத்திசாலிப் பன்றி'யும் உண்டு. போகிற வழியில் குழாயின் சுவரைக் காந்தமாக்கும். துரு அரித்து இரும்பு மெலிந்த இடத்தில் காந்தப் புலம் வெளியே கசியும். அதைக் குறித்துக்கொண்டே மறுமுனைக்கு வந்து சேரும். குழாய் ஓட்டையாவதற்கு முன்பே சொல்லிவிடுகிற கருவி இது. ஆனால், எல்லாக் குழாயிலும் இது போகாது. வளைவு கூர்மையாக இருந்தால், குழாயின் அகலம் நடுவில் மாறினால், பன்றி மாட்டிக்கொள்ளும்.

இரண்டாவது முறை, பால்காரர் கணக்கு. இந்த முனையில் எவ்வளவு ஊற்றினோம், அந்த முனையில் எவ்வளவு வந்தது? குறைந்தால் கசிவு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால், எந்த மீட்டருக்கும் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். மொத்த ஓட்டத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே கசிந்தால் கணக்கில் பிடிபடுவது கஷ்டம். அது சின்ன விஷயம்தானே என்று தோன்றும். ஒரு குழாயில் மணிக்கு ஒரு லட்சம் லிட்டர் போகிறது என்று வையுங்கள். அதில் அரை சதவிகிதம் கசிந்தால் மணிக்கு 500 லிட்டர். ஒரு நாளைக்கு 12,000 லிட்டர், அதாவது ஒரு லாரி டேங்கர்! கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் அது தூசு. மண்ணுக்கு அது தூசு இல்லை.

2013-ல் தண்டையார்பேட்டையில் அதுதான் தெரிந்தது. வீடுகளின் போர்வெல் தண்ணீரில் பெட்ரோல் வாடை. மேலே எண்ணெய்ப் படலம். குளிக்க முடியவில்லை, பாத்திரம் கழுவ முடியவில்லை. காரணம், துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியம் கிடங்குக்குப் போகும் பூமிக்கடிக் குழாயில் கசிவு. விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஐ.ஐ.டி. நிபுணர்கள் மண்ணையும் தண்ணீரையும் ஆராய்ந்தார்கள். நிலத்தடியைச் சுத்தப்படுத்தும் வேலை வருடக்கணக்கில் நடந்தது. இங்கேயும் ஊருக்குச் சேதி சொன்னது எது? குடத்தின் மேல் குனிந்த மூக்குதான்.

மூக்கை மட்டமாகச் சொல்லவில்லை. உங்கள் வீட்டு அடுப்படியிலேயே அதற்கு அதிகாரபூர்வமான உத்தியோகம் உண்டு. சமையல் கேஸுக்கு இயற்கையில் வாசனையே கிடையாது. 1937-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நியூ லண்டன் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில், மணமில்லாத எரிவாயு யாருக்கும் தெரியாமல் கசிந்து சேர்ந்து வெடித்தது. ஏறத்தாழ 300 பிள்ளைகளும் ஆசிரியர்களும் பலியானார்கள். அதன் பிறகுதான் எரிவாயுவில் நாற்றம் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நம் சிலிண்டரில் சேர்ப்பது எத்தில் மெர்காப்டன். அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி வாடை வருகிறதே, அது நம்மைக் காப்பாற்ற யாரோ திட்டமிட்டுக் கலந்த நாற்றம்.

ஆனால், விஷவாயு விஷயத்தில் மூக்கை நம்பக் கூடாது. நெடி தெரிகிறது என்றாலே வாயு உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் போனால் மூக்கு பழகிவிடும், நெடி குறைந்துவிட்டதாக ஏமாற்றும். 1984-ல் போபாலில் யூனியன் கார்பைடு ஆலையில் என்ன நடந்தது? ஊழியர்கள் தங்கள் கண்ணில் நீர் வழிவதை வைத்துத்தான் கசிவைக் கண்டுபிடித்து வந்தார்கள். அப்படிக் கண் எரிச்சலை எச்சரிக்கையாக நம்பக் கூடாது என்று அந்த கம்பெனியின் கையேடே சொல்லியிருந்தது!

சரி, எண்ணூருக்குத் திரும்புவோம்.

அன்று கரையோரத்தில் கடல் தண்ணீர் குமிழி குமிழியாகக் கொப்பளித்தது. பஞ்சர் கடை வாளியில் நடக்கிற அதே சோதனையைக் கடலே நடத்திக் காட்டியது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆட்கள் அதிகாலையில் அளந்தபோது, ஆலைக்கு அருகே ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா. 24 மணி நேரச் சராசரிக்கான வரம்பு 400. கடல் நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம். வரம்பு 5. இவை அதிகாலை எண்கள். நள்ளிரவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிய தாயின் நெஞ்சுக்குள் எவ்வளவு போனது என்பதற்கு இந்த எண்களில் விடை இல்லை.

அந்த மாதத் தொடக்கத்தில் வந்த மிக்ஜாம் புயலில் குழாயைச் சுற்றியிருந்த பாறைகள் நகர்ந்து மோதியிருக்கலாம் என்று அரசு அமைத்த நிபுணர் குழு கருதியது. புதிய குழாய் போட வேண்டும், கசிவைக் கண்டறியும் நவீனக் கருவிகள் வேண்டும், அம்மோனியா சென்சாரும் அலாரமும் வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. 2024 மே மாதம், உரிய அனுமதிகளைப் பெற்ற பிறகே ஆலையைத் திறக்கலாம் என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. கருவிகள் இல்லாத காலமா இது? குழாயோடு சேர்த்து ஒரு கண்ணாடி இழைக் கேபிளைப் பதித்தால், எந்த இடத்தில் சத்தம் மாறுகிறது, எந்த இடம் திடீரென்று குளிர்கிறது என்று சொல்லிவிடும். திரவ அம்மோனியா மைனஸ் 33 டிகிரிக் குளிர். கசிந்தால் அந்த இடம் சில்லிட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

கருவி இருக்கிறது. அது யாருக்குச் சேதி சொல்கிறது என்பதுதான் கேள்வி.

இதற்கு ஒரு வழியைக் கடலூர்க்காரர்கள் காட்டினார்கள். சிப்காட் ரசாயன ஆலைகளை ஒட்டிய கிராமங்களில் தினமும் ஒரு நாற்றம். புகார் செய்தால், அப்படி ஒன்றுமில்லையே என்று பதில். 2004-ல் அந்தக் கிராமத்து ஆட்கள் சிலர் பயிற்சி எடுத்துக்கொண்டு, நாற்றத்துக்கு டைரி போட்டார்கள். என்ன தேதி, எத்தனை மணி, காற்று எந்தப் பக்கம், வாடை எது மாதிரி? அழுகிய முட்டையா, நெயில் பாலிஷா, பழ வாசனையா? கூடவே ஒரு பிளாஸ்டிக் வாளி. அதற்குள் ஒரு விசேஷப் பை. நெடி அடிக்கும் நேரத்தில் வாளியின் வால்வைத் திறந்தால் அந்தக் காற்று பைக்குள் ஏறிக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் எண்ணெய் ஆலைகளின் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்காக 1990-களில் உருவாக்கப்பட்ட எளிய கருவி இது. கடலூர்க் காற்று பரிசோதனைக் கூடத்துக்குப் போனது. அதில் 20-க்கும் மேற்பட்ட நச்சு வேதிப்பொருட்கள் இருந்தன. அதுவரை வெறும் புலம்பலாக இருந்தது, அன்றோடு ஆதாரமாகிவிட்டது.

அந்த டைரியும் வாளியும் வடசென்னைக்கும் பாடம்தான். பாய்லரைச் சோதிக்க வெளியாள் வர வேண்டும் என்று நூற்றறுபது வருடத்துக்கு முன்பே ஒப்புக்கொண்ட நாடு இது. ஊருக்குள் ஓடும் குழாய்க்கும் அதே நியாயம் வேண்டாமா? ஆலைக்குள் முள் நடுங்கும் அந்த நொடியே குப்பத்துத் தெருமுனையிலும் மணி அடிக்க வேண்டும். அங்கே இருக்கும் பலகையில் காற்றின் கணக்கை ஜனங்கள் வாசிக்க முடிய வேண்டும்.

அதுவரைக்கும், எண்ணூரிலோ மணலியிலோ உங்கள் உறவுக்காரர்கள் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள். அம்மோனியா நெடி வந்தால் ஈரத் துணியால் மூக்கையும் வாயையும் பொத்திக்கொள்ளுங்கள். அது தண்ணீரில் சட்டென்று கரையும் வாயு. காற்று போகும் திசையிலேயே ஓடாதீர்கள், குறுக்கே ஓடுங்கள். நெடி குறைந்த மாதிரி தெரிந்தாலும் நிற்காதீர்கள். அது உங்கள் மூக்கு களைத்துப்போனதாகவும் இருக்கலாம்.