மில் வேன் பணியிடமா? திண்டுக்கல் பெண்கள் உலக பிராண்டுகளை இறங்கிவரச் செய்த கதை!

காலை ஆறு மணிக்கு மதுரையிலிருந்து திண்டுக்கல் பக்கம் பைக்கில் போயிருக்கிறீர்களா? நான்குவழிச் சாலையில் மில் வேன்கள் வரிசையாக வரும். ஜன்னலில் தலை சாய்த்து, பாதித் தூக்கத்தில் இருக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். வேடசந்தூர் வட்டாரத்து நூற்பாலைகளுக்கும், ஏற்றுமதிக்காகத் துணி தைக்கும் கம்பெனிகளுக்கும் ஷிஃப்ட் போகிறவர்கள்.

இப்போது ஒரு கேள்வி. அந்த வேனில் ஒரு சூப்பர்வைசர் ஒரு பெண்ணிடம் தப்பாக நடந்துகொண்டால், அது பணியிடத்தில் நடந்த குற்றமா, இல்லை வெளியில் நடந்த 'பர்சனல்' விஷயமா?

"இதுல என்ன பெரிய வித்தியாசம்?" என்று தோன்றலாம். ஆனால் பதில் என்ன என்பதைப் பொறுத்துத்தான் யார் பொறுப்பு, யார் விசாரிக்க வேண்டும், யார் வேலை போகும் என்பதெல்லாம் முடிவாகும். இந்த ஒரு கேள்விக்காக ஜெனிவாவில் நாடுகள் உட்கார்ந்து பேசியிருக்கின்றன. மதுரையிலிருந்து சுமார் ஒரு மணி நேர தூரத்தில், ஒரு பெண்ணின் உயிர் போன பிறகு ஓர் உடன்படிக்கையே எழுதப்பட்டது.

2021-ல் என்ன நடந்தது?

திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிறது நாச்சி அப்பேரல். ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தின் ஆலை. இங்கே வேலைபார்த்த 20 வயது தலித் பெண் 2021 ஜனவரியில் கொலை செய்யப்பட்டார். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார். பல மாதங்களாக அவரால் தொல்லை இருந்தது என்றும், பயத்தில் அந்தப் பெண்ணால் புகார் சொல்ல முடியவில்லை என்றும் உடன் வேலைபார்த்தவர்களும் தொழிற்சங்கமும் சொன்னார்கள். அந்த ஆலை துணி தைத்துக் கொடுத்தது ஹெச் அண்ட் எம் போன்ற உலக பிராண்டுகளுக்கு. அதனால் விஷயம் வெளிநாட்டுப் பத்திரிகைகள் வரை போனது.

ஒரே சம்பவம், நாலு பார்வை

இங்கேதான் கவனிக்க வேண்டும். இதுபோன்ற ஒரு சம்பவத்தை ஆளுக்கு ஓர் இடத்தில் நின்று பார்ப்பார்கள்.

காவல்துறை: ஒரு கொலை. ஒரு குற்றவாளி. ஒரு வழக்கு.

நிர்வாகம்: பெரும்பாலும் வருகிற பதில் இதுதான்... "இது தனிப்பட்ட ரெண்டு பேர் சம்பந்தப்பட்டது. எங்க கேட்டுக்கு வெளியில நடந்ததுக்கு நாங்க என்ன பண்ண முடியும்?"

பிராண்ட்: அவர்கள் கையில் இருப்பது ஆடிட் ரிப்போர்ட். தீயணைப்புக் கருவி இருக்கிறதா, புகார் பெட்டி மாட்டியிருக்கிறதா... எல்லாவற்றுக்கும் டிக். பல ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து பார்த்தால் ஆலை சுத்தமாகத்தான் தெரியும். அந்தப் பெட்டியில் சீட்டு போட்டால் அதைப் பிரிக்கப்போவது யார் என்பது ரிப்போர்ட்டில் வராது.

தொழிலாளி: "டார்கெட் கொடுக்குறதும் அவர்தான், லீவு கொடுக்குறதும் அவர்தான், திட்டுறதும் அவர்தான். அவரைப் பத்தி யார்கிட்ட சொல்ல?"

இதில் யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. அவரவர் நிற்கும் இடத்திலிருந்து அவ்வளவுதான் தெரிகிறது. ஆனால் யாருடைய பார்வை விதியாக எழுதப்படுகிறதோ, அதற்குத்தான் சக்தி.

ஜெனிவாவில் விதி எழுதுவது எப்படி?

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, சுருக்கமாக ஐ.எல்.ஓ. 1919-ல் தொடங்கியது. தொடக்கத்திலிருந்தே இந்தியா இதில் உறுப்பினர். மற்ற பன்னாட்டு அமைப்புகளில் பொதுவாக அரசுகள் மட்டும் பேசும். ஐ.எல்.ஓ மாநாட்டில் ஒரு நாட்டுக்கு நாலு பிரதிநிதிகள்: அரசுக்கு ரெண்டு, முதலாளிகளுக்கு ஒன்று, தொழிலாளர்களுக்கு ஒன்று. ஒரே நாட்டிலிருந்து போன நாலு பேரும் வேறு வேறு மாதிரி ஓட்டுப் போடலாம். சண்டையை வெளியே வைக்காமல், மேஜைக்கே கொண்டுவரும் ஏற்பாடு இது.

2019 ஜூன் 21 அன்று அங்கே 190-வது உடன்படிக்கை நிறைவேறியது. வேலை உலகில் வன்முறையும் தொல்லையும் கூடாது என்பதற்கான முதல் பன்னாட்டு ஒப்பந்தம் இது. ஆதரவாக 439 ஓட்டு, எதிராக 7, யாருக்கும் போடாதவர்கள் 30. நடைமுறைக்கு வந்தது 2021 ஜூன் 25.

பணியிடம் என்பதற்கு இது கொடுக்கும் எல்லையைப் பாருங்கள். மெஷின் இருக்கும் இடம் மட்டும் இல்லை. சாப்பிடும் இடம், ஓய்வறை, கழிப்பறை, கம்பெனி கொடுத்த ஹாஸ்டல், வேலைக்குப் போய்வரும் வழி, வேலை சம்பந்தமான போன், மெசேஜ் எல்லாம் சேரும். தொல்லை பலமுறை நடந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒருமுறை நடந்தாலும் தொல்லைதான்.

முதலாளிகளின் கோணமும் இதில் இருக்கிறது. தங்கள் கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் அளவுக்கு, நியாயமாகச் செய்யக்கூடிய நடவடிக்கைகளை எடுக்க வேண்டும் என்றுதான் அவர்களின் கடமை எழுதப்பட்டிருக்கிறது. பல தரப்பும் சேர்ந்து எழுதினால் விதி இப்படித்தான் அமையும்: எல்லை பரந்தது, கடமை அளந்தது.

இந்தியா இந்த 190-ஐ இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. நம்மிடம் இருப்பது 2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், எல்லோரும் சொல்லும் 'போஷ்' சட்டம். இதில் நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் பணியிடம்தான். ஆக, மில் வேன் பணியிடம்! முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் சட்டம் 2013-லேயே வந்துவிட்டது. அந்தப் பெண் இறந்தது 2021-ல். விதி இருப்பதற்கும் அது வேலை செய்வதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது.

திண்டுக்கல் உடன்படிக்கை: என்ன மாறியது?

தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் என்பது பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம். உறுப்பினர்களில் பெரும்பான்மை தலித் பெண்கள். 'நீதி வேண்டும்' என்று அவர்கள் தொடங்கிய போராட்டத்தில் ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸும், அமெரிக்காவின் ஒரு தொழிலாளர் உரிமை அமைப்பும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரலில் ஈஸ்ட்மேன் நிறுவனத்துடனும் ஹெச் அண்ட் எம்முடனும் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிறகு கேப், பி.வி.ஹெச் நிறுவனங்களும் இணைந்தன. பி.வி.ஹெச் வேறு யாரும் இல்லை, கெல்வின் க்ளெய்னின் சொந்தக்காரர்கள்தான்.

ஆப்பிரிக்காவின் லெசோத்தோவில் ஜீன்ஸ் ஆலைகளுக்காக 2019-ல் இதுபோல ஒன்று எழுதப்பட்டது. ஆசிய ஆடைத் தொழிலில் இந்த வகையில் இதுதான் முதல். 5,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதில் வந்தார்கள்.

* 25 தொழிலாளர்களுக்கு ஒருவர் என்ற கணக்கில், தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள். அவர்களைத் தேர்வுசெய்வது சங்கம்.
* புகாரை விசாரிக்க, நிர்வாகத்தின் பிடியில் இல்லாத தனி வழி.
* சங்கத்தில் சேர்ந்ததற்காகவோ, புகார் சொன்னதற்காகவோ பழிவாங்கக் கூடாது.
* ஆலை மீறினால், பிராண்டுகள் வியாபார ரீதியாக நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். இது விருப்பம் இல்லை, ஒப்பந்தக் கடமை.

கடைசி வரிதான் முக்கியமானது. வழக்கமான 'நடத்தை விதிகள்' சுவரில் தொங்கும். இது ஆர்டரோடு கட்டப்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். 190-வது உடன்படிக்கையில் 'சாதி' என்ற சொல் கிடையாது. திண்டுக்கல் ஒப்பந்தத்தில் பாலினத்தோடு சாதியும், வெளியூரிலிருந்து வந்தவர்கள் என்ற பாகுபாடும் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. ஜெனிவாவில் உட்கார்ந்தால் தெரியாதது, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தவருக்குத் தெரியும்.

நல்லதுக்குத்தான்... ஆனால் யாருக்கு?

கதையில் ஒரு திருப்பம். 2022 ஜூலை 29 அன்று, கட்டாய உழைப்பு நடக்கிறது என்ற சந்தேகத்தில் நாச்சி அப்பேரலின் சரக்குகளை அமெரிக்கச் சுங்கத்துறை துறைமுகத்திலேயே நிறுத்தச் சொன்னது. வாஷிங்டனிலிருந்து பார்த்தால் இது தொழிலாளர்களைக் காக்கும் நடவடிக்கை. ஆனால் ஒப்பந்தம் வந்து அப்போது சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆர்டர் நின்றால் முதலில் சம்பளம் போவது யாருக்கு? அதே பெண்களுக்குத்தான்! ஆலையில் நடந்திருந்த மாற்றங்களை ஆதாரத்தோடு காட்டிய பிறகு, செப்டம்பர் 7 அன்று தடை விலகியது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். இந்த ஒப்பந்தம் அந்த ஒரு குழுமத்தின் திண்டுக்கல் ஆலைகளுக்கு மட்டும்தான். அதே ரோட்டில், அதே நேரத்துக்கு, வேறு மில்லின் வேனில் போகும் பெண்ணுக்கு இது பொருந்தாது.

உங்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

நீங்கள் இலந்தைகுளம் ஐ.டி. பார்க்கில் இருக்கலாம், மாசி வீதி ஜவுளிக்கடையில் நிற்கலாம். போஷ் சட்டம் இவற்றைச் சொல்கிறது:

* 10 பேரோ அதற்கு மேலோ வேலைபார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். வெளியாள் ஒருவரும் இருக்க வேண்டும்.
* 10 பேருக்குக் குறைவா? முதலாளி மேலேயே புகாரா? மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம்.
* சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் 3 மாதம் கிடைக்கும். எழுத முடியாவிட்டால் எழுத உதவுவது குழுவின் கடமை.
* விசாரணை 90 நாள்களுக்குள் முடிய வேண்டும். அதற்கிடையே இடமாற்றமோ, 3 மாதம் வரை விடுப்போ கேட்கலாம்.
* அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

நாளைக்கு ஆபீஸில் ஒரு தகராறு வரும். ஹெச்.ஆர். ஒன்று சொல்வார், டீம் லீட் ஒன்று சொல்வார், வெளிநாட்டு கிளையன்ட் வேறொன்று சொல்வார். அப்போது "யார் சொல்றது சரி?" என்று கேட்பதற்கு முன்னால், "இதுல யாரை இன்னும் யாருமே கேட்கலை?" என்று கேட்டுப் பாருங்கள். திண்டுக்கல்லில் அந்தக் கேள்வி ஓர் உயிர் போன பிறகுதான் கேட்கப்பட்டது. உங்கள் ஆபீஸில் இன்றைக்கே கேட்கலாம். முதல் வேலையாக, உங்கள் நிறுவனத்தின் புகார்க் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பெயர்கள் தெரிந்தால் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். யாருக்குமே தெரியவில்லை என்றால், நீங்கள் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அதுதான்.