ஆலைக்குச் சென்றவரும் நிலத்தைக் காத்தவரும்

கொல்கத்தாவை ஒட்டிய ரிஷ்ராவில் 1855இல் முதல் சணல் ஆலை தொடங்கியது. தொடக்கத்தில் அவ்வாலைகளில் வங்காளிகளே மிகுதி. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பீகாரிலிருந்தும் ஐக்கிய மாகாணத்திலிருந்தும் வந்த உழவர் குடும்பத்து ஆண்கள் பெருகினர். நகரம் இவர்களை ஈர்க்கவில்லை, கிராமத்து வறுமையே தள்ளியது என்றது 1931இல் வெளிவந்த விட்லி ஆணைய அறிக்கை.

அதில் உண்மை உண்டு. ஆனால், தள்ளப்பட்டவர் ஏன் மீண்டும் மீண்டும் ஊர் திரும்பினார்? ஆலை வேலை உழவைக் கைவிடும் வழியன்று; உழவைத் தக்கவைக்கும் வழி. கொல்கத்தாவிலிருந்து பீகாரின் சாரண் மாவட்டத்துக்கு மணியார்டரில் சென்ற கூலி, நிலவாரத்துக்கும் கடனுக்கும் ஈடுகொடுத்தது. ஆகவே இதனைத் தனியாளின் இடப்பெயர்வு என்பதினும் குடும்பத்தின் முடிவு என்பதே பொருந்தும்.

எனினும் அம்முடிவின் சுமை குடும்பத்துக்குள் சமமாகப் பகிரப்படவில்லை. சாரணில் பிறந்த பிகாரி தாக்கூர் (1887–1971) இயற்றிய போஜ்புரி நாடகம் ‘பிதேசியா’. மனைவியை ஊரில் விட்டுக் கொல்கத்தா சென்றவனின் கதை அது. போஜ்புரியில் ‘தேஸ்’ என்பது சொந்த மண். அதற்கு அப்பாற்பட்டவன் ‘பிதேசி’. ஒரே ஆட்சியின் கீழிருந்த நகருக்குச் சென்றவனை அயலானாக்கிய அச்சொல், காத்திருந்தவளின் நிலையிலிருந்து பிறந்தது.

ஆலைப் பதிவேடு கூலி பெற்றவரை மட்டுமே எண்ணியது. வேளாண்சாரா வேலையை ஆராயும் நாம், வீட்டில் எஞ்சியவரின் உழைப்பையும் எண்ண வேண்டும்.