ஒரு செட் ஸ்க்ரூவும் ஒரு தீர்ப்பும்

பி.காம் படிப்பவர்களுக்கு வணிகச் சட்டம் என்றாலே ஒப்பந்தம், வாரன்ட்டி, விற்பவர், வாங்குபவர் என்று கொட்டாவி வரும். அந்தச் சட்டத்தின் போக்கையே மாற்றிய வழக்கு ஒன்று, தச்சு மெஷினில் இருந்த சில சின்ன ஸ்க்ரூக்களில் தொடங்கியது. மெஷினின் பெயர் ஷாப்ஸ்மித்.

ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்பவரின் யோசனை அது. இரண்டாம் உலகப்போர் முடிந்த சமயம். புது வீடு, கராஜில் கொஞ்சம் இடம், கையில் அளவான காசு என்று லட்சக்கணக்கான குடும்பங்கள். வட்ட ரம்பம், கடைசல் லேத், நிமிர்ந்து நிற்கும் டிரில், படுக்கையாகத் துளைபோடும் டிரில், சேண்டிங் தட்டு... ஐந்தையும் தனித்தனியாக வாங்க யாரால் முடியும்? ஒரே மோட்டாரை இரண்டு இரும்புக் குழாய்கள் மேல் நகரும்படி வைத்து, ஐந்து வேலையையும் அதிலேயே வாங்கிவிட்டார் மனிதர். 1947-ல் மேக்னா எஞ்சினியரிங் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. முதலில் 10இ, பிறகு 10இஆர், 1950-களில் மார்க் 5.

1955 கிறிஸ்துமஸுக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு மனைவி தன் கணவருக்கு ஷாப்ஸ்மித் ஒன்றைப் பரிசளித்தார். அந்தக் கணவர்தான் கிரீன்மேன். கடையில் அது ஓடுவதைப் பார்த்து, கம்பெனியின் விளம்பரக் கையேட்டையும் படித்துவிட்டு ஆசைப்பட்டவர். 1957-ல் லேத்துக்கான உதிரி பாகங்களை வாங்கி, பெரிய மரத்துண்டு ஒன்றைக் கோப்பையாகக் கடையத் தொடங்கினார். சில முறை பிரச்சினையில்லாமல் வேலை நடந்தது. அப்புறம் ஒருநாள் சுற்றிக்கொண்டிருந்த மரம் திடீரென்று பிய்த்துக்கொண்டு வந்து நெற்றியில் அடித்தது. பலத்த காயம்.

ஏன் பறந்தது? லேத்தில் மரம் இரண்டு முனைகளுக்கு நடுவே நிற்கும். ஒரு முனையில் சுழற்றும் ஹெட்ஸ்டாக், மறு முனையில் தாங்கிப் பிடிக்கும் டெயில்ஸ்டாக். பாகங்களை இறுக்கிப் பிடிக்கப் போட்டிருந்த செட் ஸ்க்ரூக்கள் போதாதவை, சாதாரண அதிர்விலேயே டெயில்ஸ்டாக் பின்வாங்கி மரத்தைக் கைவிட்டுவிடும் என்று நிபுணர்கள் சாட்சி சொன்னார்கள். இன்னும் உறுதியாகப் பூட்டும் வழிகள் அப்போதே இருந்தன என்றும் சொன்னார்கள். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு பாகத்துக்கும் அசையாத பூட்டு உண்டு, முரட்டு வேலையிலும் அளவு மாறாது என்பதுதான் அந்தக் கையேட்டின் பெருமை!

கடைக்காரர் பொறுப்பில்லை, தயாரிப்பாளர் 65,000 டாலர் தரவேண்டும் என்றது ஜூரி. கம்பெனி தரப்பு (அதற்குள் யூபா பவர் புராடக்ட்ஸ்) ஒரு ஓட்டையைப் பிடித்தது. வாரன்ட்டி மீறல் என்றால் நியாயமான காலத்துக்குள் நோட்டீஸ் தரவேண்டும், இவரோ பத்தரை மாதம் கழித்துத் தந்தார் என்று. பாடப்புத்தகப்படி பார்த்தால் வாதம் வலுவானதுதான்.

1963 ஜனவரியில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பை எழுதியவர் ரோஜர் டிரெய்னர். நேரடியாகப் பேரம் பேசாத தயாரிப்பாளருக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று ஒரு சாதாரண மனிதருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். அதோடு விடவில்லை. வாங்குபவர் பிரித்துப் பார்த்துச் சோதிக்க மாட்டார் என்று தெரிந்தே பொருளைச் சந்தையில் விடுகிறவர், அதன் குறையால் காயம் பட்டால் பொறுப்பேற்க வேண்டும். கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லை, ஒப்பந்தமும் தேவையில்லை. 1944-ல் கோகோ கோலா பாட்டில் வெடித்த வழக்கில் இதே கருத்தை அவர் தனி ஆளாக எழுதியிருந்தார். 19 வருடம் கழித்து மொத்த நீதிமன்றமும் அவர் பக்கம். (இந்தியாவில் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில்தான் பொருள் பொறுப்புக்கென்று தனி அத்தியாயம் வந்தது.)

1960-களிலேயே தயாரிப்பு நின்றுபோய், 1972-ல் ஒஹாயோவில் ஜான் ஃபோல்கெர்த் என்பவர் மார்க் 5-ஐ மீண்டும் உயிர்ப்பித்தார். ஆனால் பழைய 10இஆர்களும் சாகவில்லை. அமெரிக்காவில் இன்றும் கை மாறிக்கொண்டே இருக்கின்றன. அடையாளம் காண்பது சுலபம். மோட்டார் வெளியே தெரிந்து, பெல்ட்டும் புல்லியும் மாற்றித்தான் வேகம் மாறும் என்றால் அது 10இஆர் வகை. மோட்டார் ஹெட்ஸ்டாக்குக்குள் ஒளிந்திருந்து, வேகத்துக்கு டயல் இருந்தால் மார்க் 5.

அப்படி ஒன்றை வாங்குகிறவர் பிளக்கைச் செருகுவதற்கு முன் பார்க்க வேண்டியது, கிரீன்மேனைக் கைவிட்ட அந்தப் பூட்டுகளைத்தான். ஹெட்ஸ்டாக், மேசை வண்டி, டெயில்ஸ்டாக், டூல் ரெஸ்ட் ஒவ்வொன்றையும் பூட்டிவிட்டுக் கையால் பலமாக இழுத்துப் பார்க்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்தாலும் அதைச் சரிசெய்யாமல் ஓட்டக்கூடாது. மெஷினை நிமிர்த்தி டிரிலாக்கும்போதும் இதே கதை. பூட்டாமல் தூக்கினால் மோட்டாரோடு ஹெட்ஸ்டாக் சரிந்து கையில் விழும். வயர் அந்தக் காலத்தது, எர்த் இல்லாதது என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து மாற்றிவிடுவது உத்தமம். ரம்பத்தின் பாதுகாப்பு மூடி பல கை மாறியதில் தொலைந்திருக்கும். அது இல்லாமல் மரம் அறுக்க நினைக்கவே கூடாது.

ரம்பம் மேசையின் பள்ளத்துக்கு இணையாக இருக்கிறதா என்பதை, ஒரே பல்லை முன்னாலும் பின்னாலும் கொண்டுவந்து அளந்து பார்க்கலாம். கோணலாக இருந்தால் மரம் இறுகி, அறுப்பவர் மேலேயே திரும்பிப் பாயும்.

கடைசியாக வேகம். ஐந்து வேலைக்கும் ஒரே மோட்டார் என்ற வசதியில் உள்ள ஆபத்து இது. மார்க் 5 நிமிடத்துக்கு 700 சுற்றிலிருந்து 5,200 வரை போகும். ரம்பத்துக்கு வைத்த வேகத்தை மறந்துபோய் அப்படியே விட்டுவிட்டுப் பெரிய மரத்தைக் கடைசலுக்கு ஏற்றினால், எந்தப் பூட்டும் தாங்காது. அதனால் அணைப்பதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து வைப்பது பழக்கம். அந்த டயலை மெஷின் ஓடும்போது மட்டும்தான் திருப்ப வேண்டும், நின்றிருக்கும்போது திருப்பினால் உள்ளே உள்ள பாகம் கெடும். மரத்தை ஏற்றியதும் முதலில் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, மிகக் குறைந்த வேகத்தில், சுழலும் மரத்துக்கு நேராக நிற்காமல் ஒதுங்கி நின்றுதான் சுவிட்சைப் போடுவார்கள் விஷயம் தெரிந்தவர்கள்.