சுவர் அழிந்தும் அழியாத சித்திரம்

சுவர் இருந்தால்தான் சித்திரம் வரையலாம் என்பது நம் பழமொழி. சுவர் அழிந்த பின்னரும் சித்திரம் நிலைத்த வரலாறு ஒன்று ஆஸ்திரேலியாவின் நடுப்பாலை நிலத்தில் உண்டு.

ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பாபுன்யா என்னும் சிற்றூர். பிந்துபி, லுரித்ஜா, வார்ல்பிரி முதலிய பல பூர்வகுடி இனத்தாரை அரசு அங்கே குடியமர்த்தியது. அவர்கள் தம் மரபை மறந்து வெள்ளையர் வாழ்க்கையில் கரைந்துவிட வேண்டும் என்பதே அன்றைய கொள்கை.

1971ஆம் ஆண்டில் அவ்வூர்ப் பள்ளிக்கு ஜெப்ரி பார்டன் என்னும் ஓவிய ஆசிரியர் வந்தார். மணலில் மரபுக் கோலங்களை வரைந்து கதை சொல்லும் மாணவரைக் கண்டு, அவற்றையே தீட்டுமாறு ஊக்கினார். பின்னர் ஊர்ப் பெரியோர் முன்வந்தனர். காபா என்னும் ஓவியரின் தலைமையில் பள்ளிச் சுவரில் தேனெறும்பின் தொல்கதை ஓவியமாயிற்று. மணலிலும் மேனியிலும் வாழ்ந்த கலை சுவரேறியது. பின்னர்ப் பலகையிலும் துணியிலும் பரவியது.

1972ஆம் ஆண்டில் ஓவியர்கள் ஒன்றுகூடி, ‘பாபுன்யா துலா ஓவியர்கள்’ என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். அதன் உரிமை பூர்வகுடியினருடையதே. அவ்வாண்டிலேயே பார்டன் ஊரை விட்டு நீங்கினார். 1974இல் அச்சுவரோவியமும் வண்ணம் பூசி மறைக்கப்பட்டது. ஆயினும், கலை மறையவில்லை. மறைபொருளான சடங்குகளை அயலார் காணத் தீட்டலாகாது என மூத்தோர் கண்டித்தபோது, ஓவியர்கள் அவற்றைத் தவிர்த்து வரையலாயினர்.

இக்கலையால் பொருள் ஈட்டியவர் யார்? ஜானி வாரங்குலா 1972இல் தீட்டிய ஓவியம் ஒன்று 150 டாலருக்கு விலைபோயிற்று. 1997இல் அதுவே 2,06,000 டாலருக்கு ஏலம் போனது. மறுவிற்பனையில் ஓவியருக்குப் பங்களிக்கும் சட்டம் அன்று இல்லை. 2010இல்தான் அது நடைமுறைக்கு வந்தது.

தனியொருவர் ஏமாந்த இடத்தில் கூட்டுறவு கைகொடுத்தது. கின்டோர், கிவிர்குரா ஆகிய தொலைவூர்களில் சிறுநீரக நோயுற்றோர், குருதி சுத்திகரிப்புக்காகச் சொந்த மண்ணையும் சுற்றத்தையும் விட்டு நெடுந்தொலைவிலுள்ள நகரில் தங்க நேர்ந்தது. மண்ணின் கதையைத் தீட்டுவோர் அம்மண்ணைப் பிரிவது எத்துணைக் கொடுமை! அவ்விரு ஊர்களின் ஆடவரும் பெண்டிரும் பெரிய ஓவியங்களைக் கூட்டாகத் தீட்டினர். 2000ஆம் ஆண்டு நவம்பரில் சிட்னியில் நடந்த ஏலத்தில் பத்து இலட்சம் டாலருக்கு மேல் திரண்டது. அதன் பயனாய்ச் சில ஆண்டுகளில் கின்டோரிலேயே அச்சிகிச்சை தொடங்கிற்று.

ஆசிரியர் தூரிகையைத் தந்தார், அது போற்றத்தக்கதே. ஆனால், அவர் சென்ற பின்னும் அதைக் கீழே விழாமல் காத்தது அம்மக்கள் தாமே ஆளும் அமைப்பன்றோ! பள்ளிச் சுவர் பிறர் கையில் இருந்தது, அழிந்தது. தாமே எழுப்பிய சுவரில் அவர்தம் சித்திரம் இன்றும் வளர்கிறது.