பதினைந்து நாளில் பூட்டுப்படுகிற கதவு

விண்டோஸ் அப்டேட் முடிஞ்சு கணினி திரும்ப எழும்பினால், பக்கத்து அறைக் கணினியில் இருந்த ஃபோல்டரைக் காணேல்லை. எங்களில் கனபேருக்குப் பழகின சங்கதிதான். வயரைக் கழட்டிப் பூட்டுவம், ரவுட்டரை நிப்பாட்டிப் போடுவம், கடைசியில் பென்டிரைவோட நடப்பம். ஆனால் இதை வெறும் கோளாறு எண்டு விட்டுவிட ஏலாது. இதுக்குப் பின்னால நாற்பது வருசக் கதை ஒண்டு இருக்கு.

இன்னொரு கணினியில் இருக்கிற கோப்பைத் தன்னுடையது போலவே திறக்க உதவும் எஸ்எம்பி என்ற நெறிமுறையை, 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம்மில் வேலைசெய்த பாரி ஃபைகன்பாம் வடிவமைத்தார். மைக்ரோசொஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. 1991 முடிவில் கன்பராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்த அன்ட்ரூ டிரிட்ஜெல், வலையமைப்பில் ஓடுகிற தரவுகளை அவதானித்தே அதே மொழியைப் பேசும் இன்னொரு மென்பொருளை எழுதினார். அதுதான் சம்பா. எங்களுக்கு அரிசி ஞாபகம் வரும். அவரோ எஸ், எம், பி மூன்றும் வரிசையாக வருகிற சொல்லைக் கணினியின் சொற்பட்டியலில் தேடி எடுத்தார். அலுவலகங்களில் மூலையில் கிடக்கிற சேமிப்புப் பெட்டிகள் பலவற்றுக்குள்ளும் ஓடுவது இந்தச் சம்பாதான்.

முதல் எஸ்எம்பி, ஒருவரையொருவர் நம்புகிற சின்ன வலையமைப்புக்கெண்டு செய்யப்பட்டது. விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பு வந்தும், பழைய கணினிகளுக்கும் ஸ்கேனர்களுக்கும் இரங்கி முதலாவதையும் வைத்திருந்தார்கள். 2016 செப்டெம்பரில் மைக்ரோசொஃப்டின் நெட் பைல், இதைப் பாவிக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாக எழுதினார். 2017 மார்ச் 14 இல் ஓட்டையை அடைக்கும் திருத்தம் வந்தது. கனபேர் போடவில்லை. மே 12 இல் வனாக்ரை அதே ஓட்டையால் நுழைந்தது. இங்கிலாந்தின் அரச மருத்துவமனைகளில் சிகிச்சை நேரங்கள் ரத்தாகின, அம்புலன்ஸ்கள் வேறிடங்களுக்குத் திருப்பப்பட்டன.

அதே வருசம் ஒக்டோபரில் வந்த விண்டோஸ் 10 இன் 1709 பதிப்பில் ஒரு வேடிக்கையான ஏற்பாடு இருந்தது. ஏற்கெனவே உள்ள கணினியை மேம்படுத்தினால் பழைய எஸ்எம்பி உடனே போகாது. கணினி ஓடுகிற நேரத்தில் மொத்தம் 15 நாள் பாவிக்காமல் விட்டால் தானாகவே கழன்றுபோகும். 'ரெண்டு கிழமை நல்லா வேலை செய்துதே' எண்டு சனம் தலையைச் சொறிஞ்சது இதாலயும்தான். 2018 இல் ஹோம்குரூப்பையும் எடுத்தார்கள். 2024 இன் விண்டோஸ் 11 24எச்2, புரோ பதிப்பில் கடவுச்சொல் இல்லாத விருந்தாளி நுழைவையும் மறித்தது.

இப்ப யூடியூப் வீடியோக்கள் பல, பழைய எஸ்எம்பியைத் திரும்பப் போடச் சொல்லுகின்றன. எங்களுக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. மேம்படுத்த முதல், எந்த ஃபோல்டரை யார் பாவிக்கினம் என்று ஒரு தாளில் எழுதி, கோப்புகளை வேறிடத்தில் கொப்பி எடுத்து வையுங்கோ. சேமிப்புப் பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, ஆளுக்கொரு கணக்கும் கடவுச்சொல்லும் குடுங்கோ. பழைய மொழி மட்டும் தெரிஞ்ச ஸ்கேனர் ஒண்டு மிஞ்சினால், அதுக்குப் பென்டிரைவ் போதும்.