மஞ்சள் அட்டை இதழும் பிரெஞ்சு சினிமாவும்

பாரிஸில் 1951 ஏப்ரலில் ‘காஹியே து சினிமா’ என்ற மஞ்சள் அட்டை மாத இதழ் தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவர் ஆந்த்ரே பஸான். த்ரூஃபோ, கோதார், ரிவெத், ரோமர், ஷப்ரோல் போன்ற இளம் ரசிகர்கள் அதில் எழுதினார்கள். ஆன்றி லாங்லுவாவின் சினிமாத்தெக் என்ற திரைப்படக் காப்பகத்தில் பழைய படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்கள்.

1954 ஜனவரி இதழில் 21 வயது த்ரூஃபோ, திரைக்கதை ஆசிரியர்களையே நம்பி எடுக்கப்பட்ட பிரெஞ்சுப் படங்களைக் கடுமையாகச் சாடினார். படத்தின் உண்மையான ஆசிரியர் இயக்குநரே என்ற கருத்து வலுப்பெற்றது. பொழுதுபோக்குப் படக்காரர்களாக மட்டுமே பார்க்கப்பட்ட ஹிட்ச்காக்கும் ஹாவர்ட் ஹாக்ஸும் பெருங்கலைஞர்களாக மதிக்கப்பட்டார்கள்.

ரசனை மனிதருக்கு மனிதர் மாறும் என்பதை இதழின் ‘பத்துப் பேர் மன்றம்’ என்ற அட்டவணை கண்ணெதிரே காட்டியது. படங்களின் பெயர்களுக்கு எதிரே பத்து விமர்சகர்களின் மதிப்பீடுகள் கட்டங்களில் நிற்கும். நட்சத்திரங்கள் பாராட்டு, கருப்புப் புள்ளி விழுந்தால் பார்க்கவே போக வேண்டாம் என்று பொருள்.

கருத்துச் சொன்னவர்களே பிறகு கேமராவை எடுத்தார்கள். த்ரூஃபோ தன் முதல் முழுநீளப் படமான ‘400 அடிகள்’ படப்பிடிப்பைத் தொடங்கிய 1958 நவம்பரில் பஸான் 40 வயதில் இறந்தார். அவருக்குக் காணிக்கையாக்கப்பட்ட அப்படம், 1959இல் கான் விழாவில் சிறந்த இயக்குநர் விருதைப் பெற்றது. மறு ஆண்டு கோதாரின் ‘பிரெத்லெஸ்’ வெளிவந்தது. இவர்களின் படங்களோடு எழுந்த ‘பிரெஞ்சுப் புதிய அலை’ உலகெங்கும் பரவியது.